பெரட்டக்கா காத்த கேட்

மணிச் சத்தம் அடங்குவதற்குள் பொன்னாயி பூட்டைப் போட்டுவிடுவாள். சாவி இடுப்புக்குப் போன பிறகு வருகிறவர் யாராக இருந்தாலும் பெயரைச் சொல்ல வேண்டும், வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும், உள்ளேயிருந்து தலைமையாசிரியை சரி என்று சொல்லும்வரை மழையானாலும் பனியானாலும் வெளியே நிற்க வேண்டும். ஒருமுறை கல்வி அலுவலகத்து ஜீப்பையே நிறுத்தி வைத்து, அதில் வந்தவர் வாயால் பாராட்டும் வாங்கியிருக்கிறாள். பிள்ளைகளுக்கு அப்படி நிற்கிற சலுகைகூடக் கிடையாது.

“பெரட்டு முடிஞ்சுது கண்ணு. ஊட்டுக்குப் போயிட்டு நாளைக்கு நேரத்துக்கு வா.”

கெஞ்சினாலும் இதுதான், அழுதாலும் இதுதான். குரலில் கோபமே இருக்காது. கோபப்படுகிறவரையாவது எப்படியோ இளக்கிவிடலாம், இவளிடம் அதற்கும் வழியில்லை. அதனால்தான் ஏற்காட்டு மலைமேல் இருந்த அந்த அரசுப் பள்ளியில் அவளுக்குப் பெரட்டக்கா என்று பெயர் விழுந்தது. கேலிக்கு வைத்த பெயர். அவளோ அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டாள்.

பெரட்டு என்பது பள்ளிக்கூடத்துச் சொல் அல்ல, காப்பி எஸ்டேட்டுச் சொல். விடியும்போது மேஸ்திரி ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டுவார். ஆட்கள் ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும். கணக்கு எழுதுகிற ரைட்டர் பெயர் கூப்பிடுவார். அந்த நேரத்துக்கு இல்லாதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பொன்னாயி பிறந்ததே எஸ்டேட் லைன் வீட்டில். அவளுடைய அம்மா சின்னத்தாயி, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் பிந்திப் போய் நின்றபோது, மேஸ்திரி சிரித்த முகத்தோடு சொன்னார்: “உன்ற மேல எரக்கப்பட்டா நாளைக்குப் பத்துப் பேரு லேட்டா வருவாங்க சின்னத்தாயி.” சின்னத்தாயி வீட்டுக்கு வந்து, மூலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம்வரை எழவில்லை. பக்கத்தில் இருந்து இதைப் பார்த்த சிறுமிக்கு மேஸ்திரி மேல் வெறுப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேரத்துக்குப் போய்விட வேண்டும் என்ற பயம்தான் வந்தது. அடி வாங்கினவர்களுக்குச் சில நேரம் அடியின் மேலேயே ஒரு மரியாதை வந்துவிடும். பொன்னாயிக்கு வந்திருந்தது. அவள் வேலைக்குப் போன அத்தனை வருஷத்தில் ஒரு பெரட்டும் தவறவில்லை. காப்பிப் பழ மூட்டையோடு சரிவில் உருண்டு முழங்கால் போன நாளில்கூட, காலைப் பெரட்டுக்கு இருந்துவிட்டுத்தான் விழுந்தாள்.

முழங்கால் போன பிறகு மலை ஏறி இறங்க முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் ஒரு கலவரம். சுற்றுலா வந்த எவனோ ஒருவன், நல்ல போதையில், சத்திரம் என்று நினைத்தானோ என்னவோ, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் நடுவே வந்து படுத்துக்கொண்டான். பெற்றோர்கள் திரண்டுவிட்டார்கள். மதில் உயர்ந்தது, இரும்பு கேட் வந்தது, கேட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகம் பொன்னாயியை வைத்தது.

மதிலோடு நிற்கவில்லை. பாதுகாப்புக் குழு ஒன்று கூடியது. கேமரா மாட்டினார்கள், அதன் ஒயரைக் குரங்குகள் கழற்றிக்கொண்டு போயின. பிள்ளைகள் மனக்குறையை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார்கள். அதை ஆசிரியர்கள் அறை வாசலில், எல்லா ஆசிரியர்களும் பார்க்கிற இடத்தில், ஆணியடித்து மாட்டினார்கள். யார் போடுவார்கள்? திறந்தபோது மிட்டாய்த் தாள் இருந்தது. மனநல ஆலோசனை என்று கீழே சேலத்திலிருந்து ஒரு வேன் வந்தது. பிள்ளைகள் அத்தனை பேரையும் மைதானத்தில் உட்கார வைத்து, “மனசுல யாருக்காவது கஷ்டம் இருந்தா கை தூக்குங்க” என்று கேட்டார்கள். ஒரு கையும் எழவில்லை. கஷ்டம் இல்லை என்று எழுதிக்கொண்டு வேன் மலை இறங்கியது.

எடுபட்டது கேட் ஒன்றுதான். பொன்னாயி வந்த பிறகு பிந்தி வரும் பிள்ளைகளே இல்லாமல் போனார்கள் என்று தலைமையாசிரியை சாந்தாமேரி காலை வழிபாட்டில் அவளைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அன்றைக்குப் பொன்னாயிக்கு முழங்கால் வலிக்கவே இல்லை.

இப்படி இருக்கையில்தான், காப்பிப் பழம் பறிக்கிற சீசனில், வெள்ளக்கடையிலிருந்து வருகிற காமாட்சி பிந்தி வரத் தொடங்கினாள். ஒன்பதாம் வகுப்பு. எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை, சுத்தமான யூனிபாரம். கேட்டுக்குச் சற்றுத் தள்ளி நின்று கேட்பாள்:

“பூட்டியாச்சுங்களா அக்கா?”

“பூட்டியாச்சு கண்ணு. நாளைக்கு வா.”

மற்றப் பிள்ளைகளைப்போல இவள் கெஞ்சுவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடுவாள். மறுநாளும் அதே இடம், அதே கேள்வி. அடுத்த நாளும். நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசத் தெரியவில்லை என்று பொன்னாயி நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் இரக்கப்பட்டால் நாளைக்குப் பத்துப் பேர் பிந்தி வருவார்களே.

நாலாம் நாளும் திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கியது. எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காப்பித் தோட்டம் முதலில் மங்கி, பிறகு காணாமலே போனது. பஸ் வருவது சந்தேகம் என்று தெரிந்து, சாயங்கால மணிக்கு முன்பே பெற்றோர் சிலர் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்துவிட்டார்கள். அதில் ஒருவன் காமாட்சியின் அப்பா செங்கோடன். எஸ்டேட்டில் பழம் பறித்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். கேட் வெறிச்சோடியது. செங்கோடன் இன்னும் நின்றான்.

“ஏனுங்க, ஒம்பதாவது உட்டாச்சுங்களா? என்ற புள்ளையக் காணமுங்களே.”

பொன்னாயியின் கை இடுப்புச் சாவிக்குப் போனது. “உள்ள கேட்டுப் பாருங்க,” என்று மட்டும் சொல்லி வழிவிட்டாள்.

வகுப்பு ஆசிரியை பார்வதி கையில் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார். “காமாட்சியா? அவ நாலு நாளா வரலைங்களே. தினமும் உங்க போனுக்கு மெசேஜ் போகுதே?”

“போன் நம்பர் எங்க ரைட்டரோடதுங்க. என்ற போனுல டவர் எடுக்காதுன்னு அவரோடதைக் குடுத்திருந்தனுங்க.” செங்கோடன் டீச்சருக்கு முன்னால் வந்து நின்றான். “தெனம் காத்தால சோத்துப் போசியத் தூக்கிட்டு, யூனிபாரம் போட்டுட்டு வந்தாளுங்களே டீச்சர். சாயங்காலம் நேரத்துக்கு ஊட்டுக்கு வந்தாளுங்களே.”

சாந்தாமேரி ரைட்டருக்குப் போன் போட்டார். ரைட்டர் பழத்தை எடை போட்டுக்கொண்டிருந்தார். சீசன் நேரத்தில் மெசேஜை யார் பார்ப்பது என்று அவர் திருப்பிக் கேட்டது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

பொன்னாயி கேட்டருகே நின்று இத்தனையும் பார்த்தாள். நாலு நாளும் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்தாள் என்று தெரிந்த ஒரே ஆள் இந்த மலையில் அவள்தான். சொன்னால்? கழகம் கொடுத்த வேலை, ஒரு வார்த்தையில் போய்விடும். அது போகட்டும். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால், திருப்பி அனுப்பியது யார் என்று ஊரே கேட்குமே. சொல்லாவிட்டால் இவர்கள் வெள்ளக்கடைப் பக்கம் போய்த் தேடுவார்கள், பிள்ளை இந்தப் பக்கம் இருப்பாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு நின்ற இடத்திலேயே பயம். அவள் பேசாமல் நின்ற ஒவ்வொரு கணமும் வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

அப்போது பார்வதி டீச்சர் குரலைத் தாழ்த்தி, கேட்கக்கூடாததைக் கேட்டார். “தப்பா நினைக்காதீங்க. போன்ல யார்கூடயாவது பேசுவாளா? வெளியூர்ப் பையன் யாராவது…”

செங்கோடன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அந்த முகத்தைப் பொன்னாயியால் பார்க்க முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையின் பெயர் கெடுவதையும் பார்த்துக்கொண்டு நிற்பதா?

“அந்தப் புள்ள அப்படிப்பட்டவ இல்லைங்க டீச்சர். நாலு நாளும் பள்ளிக்கோடம் வந்தா. நாந்தான் உடலை.” பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. “இன்னைக்கும் வந்தா. இங்கதான் நின்னா. பூட்டியாச்சுங்களான்னு கேட்டா. ஊட்டுக்குப் போன்னு சொன்னனுங்க.”

“எந்த ஊட்டுக்குங்க?” என்றான் செங்கோடன். கத்தவில்லை. “நானும் அவங்கம்மாவும் தோட்டத்துல. ஊடு பூட்டியிருக்குது. சாயங்காலம் வரைக்கும் திரும்பிப் போக பஸ்ஸும் கெடையாது. எங்கீங்க போவா?”

பெரட்டில் திருப்பி அனுப்பப்பட்டவள் வீட்டுக்குப் போவாள் என்றுதான் இத்தனை காலமும் பொன்னாயி நினைத்திருந்தாள். அவள் அம்மாவுக்குப் போக ஒரு வீடு திறந்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இல்லை என்பது இந்த மனுஷன் கேட்கும்வரை அவள் புத்தியில் ஏறவே இல்லை.

பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், மத்தியானம் யூனிபாரம் போட்ட பிள்ளை யாரோ கரடியூர் ரோட்டில் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். கரடியூர் என்றதும் எல்லார் முகமும் மாறியது. மலை விளிம்பில் காட்சிமுனை இருக்கிற ஊர் அது. பனியில் எது தரை, எது பள்ளம் என்று தெரியாது. போதாக்குறைக்குக் காட்டுமாடுகள் வேறு சாயங்காலத்தில் ரோட்டுக்கு வந்துவிடுகின்றன. “காமாட்சி! கண்ணு, காமாட்சி!” என்று நாலா பக்கமும் கூப்பிட்டுவிட்டு, செங்கோடனும் ஆண் ஆசிரியர்களும் பைக்குகளில் கரடியூர்ப் பக்கம் விரைந்தார்கள். சாந்தாமேரி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்ய உள்ளே ஓடினார். “நீங்க கேட்டை விட்டு நகராதீங்க பொன்னாயி,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம். திட்டாமல் போனது இன்னும் கலக்கியது.

கேட்டில் பொன்னாயி தனியே நின்றாள். பைக் சத்தம் தேய்ந்து மறைந்தது. சில்வர் ஓக் மரங்களிலிருந்து பனி சொட்டுவது கேட்டது. அந்தப் பிள்ளை விளிம்பில் நிற்பதுபோல ஒரு தோற்றம் வரும், கண்ணை மூடுவாள், மூடினால் இன்னும் தெளிவாகத் தெரியும். “சேர்வராயா, அந்தப் புள்ளையக் கொண்டாந்து நிறுத்து,” என்று மலைச்சாமியை வேண்டினாள். பிறகு என்ன தோன்றியதோ, பூட்டை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, கேட்டின் இரண்டு கதவுகளையும் சுவர்வரை திறந்துவிட்டாள். யாருக்குத் திறக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மூடி வைத்திருப்பதைக் கண் கொண்டு பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் காப்பிச் செடிகள் அசைந்தன. காட்டுமாடு என்று பயந்து கம்பை எடுத்தாள். இரட்டைச் சடை தெரிந்தது.

“அக்கா,” என்றது குரல். “அப்பா போயிட்டாங்களா?”

பொன்னாயி முழங்காலை மறந்து ரோட்டைக் கடந்தாள். பிள்ளை முழுக்க நனைந்திருந்தாள், பல் கிடுகிடுத்தது. கையைப் பிடித்தால் பனிக்கட்டி. தன் சால்வையைச் சுற்றி, கேட்டுப் பக்கத்து அறைக்குக் கூட்டிவந்து, உள்ளே நோக்கி “அம்மா! கெடைச்சுட்டா!” என்று கத்தினாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

“இத்தன நேரமும் எங்க சாமி இருந்தே?”

“இங்கதான் அக்கா. எதுத்தாப்ல தோட்டத்துல, அந்தப் பாறைக்குப் பின்னாடி. நாலு நாளும் அங்கதான். மணி அடிச்சா எல்லாரோடயும் சேந்து பஸ்ஸுக்குப் போயிருவேன். இன்னைக்கு அப்பா பைக்கு நின்னுச்சு. கூப்பிட்டது கேட்டுச்சு. வாயே வரலை.”

“ஏன் கண்ணு, கொஞ்சம் வெரசா கெளம்பி வந்தா நாந்தான் உட்டிருப்பனே!”

காமாட்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். “வெரசாத்தான் அக்கா வருவேன். ஒரு ஸ்டாப்பு முன்னாடியே எறங்கி ஒக்காந்துக்குவேன். நீங்க பூட்டட்டும்னு.”

பொன்னாயிக்குப் புரியவில்லை. பிள்ளைதான் மெல்லச் சொன்னாள். முதல் பீரியட் இங்கிலீஷ். ஒருநாள் எழுந்து நின்று படிக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சே வராமல், செத்துப்போகிறோம் என்று நினைத்து மேஜையைப் பிடித்துக்கொண்டாளாம். வகுப்பே சிரித்ததாம். அதற்குப் பிறகு அவள் உள்ளே நுழைந்தாலே யாராவது ஒருவர் மூச்சு வாங்குவதுபோல நடித்துக் காட்டுவார்களாம். பள்ளி மணி கேட்டாலே கை நடுங்கும். வீட்டில் சளி என்று மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். வேன் வந்தபோது ஏன் கை தூக்கவில்லை? அத்தனை பேர் நடுவில் எப்படித் தூக்குவது?

“நீங்க நொம்ப கண்டிப்புன்னு தெரியும் அக்கா. பூட்டிட்டா உள்ள உடவே மாட்டீங்க. அதான்… உங்க கேட்டு இருக்குதுன்னு தைரியமா இருந்தேன்.”

நாலு நாளும் அவள் தலை குனிந்து திரும்பியது வெட்கத்தால் அல்ல, நிம்மதியால் என்று அப்போதுதான் தெரிந்தது. வெளியே இருந்து வரும் கண்ட கண்ட ஆட்களிடமிருந்து காப்பதற்கு வைத்த கேட்டை, இந்தப் பிள்ளை உள்ளே இருப்பவற்றிடமிருந்து தப்பிக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் பொன்னாயி ஒருமுறைகூட உள்பக்கம் திரும்பிப் பார்த்துக் காவல் காத்ததில்லை. வாசலில் வந்து நின்ற சாந்தாமேரியும் இதைக் கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தகவல் தெரிந்து திரும்பி வந்த செங்கோடன் மகளைக் கட்டிக்கொண்டு அழுதான். பொன்னாயி தானாகவே சாவியை எடுத்துத் தலைமையாசிரியை முன் நீட்டினாள். “நான் வேலைய உட்டு நின்னுக்கறனுங்கம்மா.”

“அப்படிப் பார்த்தா உங்களை வழிபாட்டுல பாராட்டின நானும்தான் நிக்கணும்,” என்றார் சாந்தாமேரி. “சாவியை வெச்சுக்குங்க. நாளையிலிருந்து லேட்டா வர்ற ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்ப வேண்டாம். ஏன் லேட்டுன்னு நான் கேட்டுக்கறேன்.”

அதற்குப் பிறகு சில காரியங்கள் நடந்தன. பெட்டி பின்பக்கம் மரத்தடிக்குப் போனது. வேனில் ஆலோசனை சொல்ல வருகிற அம்மா மைதானத்தை விட்டுவிட்டு ஓர் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாகப் பேசினார். காமாட்சியைச் சேலத்தில் டாக்டரிடம் காட்டினார்கள். இது சளி இல்லை, பயம், மெல்ல மெல்லச் சரியாகும் என்றார் அவர். நடித்துக் காட்டிய பிள்ளைகளோடு பார்வதி டீச்சர் பேசினார். முதல் பீரியட்டில் மூச்சு முட்டினால் காமாட்சி யாரிடமும் கேட்காமல் எழுந்துவந்து கேட்டறையில் பொன்னாயியோடு உட்காரலாம் என்று அனுமதியும் கிடைத்தது. எல்லாம் சரிதான். ஆனால் மெல்ல மெல்ல என்றால் எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. சில நாள் வந்தாள். சில நாள் பஸ் ஸ்டாப் வரை வந்து திரும்பினாள். ஒவ்வொரு காலையும் பஸ் சத்தம் கேட்டதும் பொன்னாயி ரோட்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பாள்.

தை மாதத்தில் ஒருநாள். பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாத பனி. வெள்ளக்கடை பஸ் வந்து போய்விட்டது. மணி அடித்தது. உள்ளே தமிழ்த்தாய் வாழ்த்து ஆரம்பித்தது. கேட் திறந்தே கிடந்தது.

சாந்தாமேரி வராந்தாவிலிருந்து கேட்டார். “பொன்னாயி, மணி அடிச்சாச்சே?”

“ஒரு ஆளு பாக்கிங்கம்மா.”

வாழ்த்து முடிந்தது. ரோட்டில் யாரும் இல்லை. பாறைப் பக்கம் பார்த்தாள், அங்கும் அசைவில்லை. போய்விட்டாளோ, பஸ்ஸிலேயே ஏறவில்லையோ, கரடியூர் ரோட்டில் இறங்கி நடந்தாளோ என்று மனசு ஓட ஆரம்பித்தபோது, பனிக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. கேட்டுக்குச் சற்றுத் தள்ளி, பழைய இடத்தில், வந்து நின்றது.

“பூட்டியாச்சுங்களா அக்கா?”

ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்ற ஆசை அந்தக் குரலில் இன்னும் இருந்தது. பொன்னாயிக்கு அது நன்றாகவே கேட்டது.

“இல்ல சாமி,” என்றாள். “நீ உள்ள வராம இந்தக் கேட்டு பூட்டாது.”

காமாட்சி நின்றாள். பொன்னாயி கூப்பிடவில்லை, அவசரப்படுத்தவில்லை, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வகுப்பறைகளில் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை கேட்டை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.